டைரக்ட் குடுத்துட்டுப் போ

சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் ஒருவன் என் சொந்த மகன். அவனிடம் நேரில் சொன்னால், "அப்பா, அதெல்லாம் அந்தக் காலத்து மெஷின்" என்று ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். எழுதிக் கொடுத்தால், என்றைக்காவது ஒரு கஸ்டமர் வீட்டு வாசலில் காத்துக்கிடக்கும்போதாவது படிப்பான் என்று ஒரு நம்பிக்கை. நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போனவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலையில் பிழை இருந்தால் பொறுக்க வேண்டாம், கேளுங்கள்.

இப்போதெல்லாம் வாஷிங் மெஷினின் கதவு பூட்டவில்லை என்றால், மெஷினே ஒரு எழுத்தையும் ஒரு எண்ணையும் காட்டிச் சொல்லிவிடுகிறது. நீங்கள் அதைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து புது லாக்கை எடுத்து மாட்டிவிட்டு வருகிறீர்கள். தப்பில்லை. முக்கால்வாசி நேரம் அது சரியாகத்தான் இருக்கும். மீதிக் கால்வாசியைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அம்பத்தூரில் ஒரு சர்வீஸ் சென்டரில் இருந்தேன். ஆவடி, பட்டாபிராம், திருமுல்லைவாயில் எல்லாம் என் ஏரியா. மேலே மூடி போட்ட மெஷின்கள்தான் அப்போது அதிகம். முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த மெஷின் எங்கேயோ ஒன்று இரண்டு இருக்கும். அதனால் அதன் பார்ட்டுகளை எங்கள் சென்டரில் வாங்கி வைப்பதில்லை. ஏதாவது போனால் வெளிமாநிலத்திலிருந்து வர வேண்டும்.

அந்தக் கதவுப் பூட்டு எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், பின்னால் கதைக்குத் தேவைப்படும். கதவில் ஒரு கொக்கி. மெஷின் உடம்பில் அது நுழைய ஒரு வாய். கொக்கி உள்ளே போய் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டைத் தள்ளும். அது முழுசாக நகர்ந்தால்தான் பூட்டு விழும், பூட்டு விழுந்தால்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகும். துணி சுற்றும்போது யாரும் கதவைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டை ஒரே நிமிஷத்தில் இல்லாமல் செய்துவிடலாம். பூட்டுக்குப் போகிற ஒயரையும் வருகிற ஒயரையும் பிடுங்கி ஒன்றாக முறுக்கி டேப் சுற்றினால் போதும். பூட்டு இல்லாமலே மெஷின் ஓடும். நம் தொழிலில் இதற்கு 'டைரக்ட்' என்று பெயர். டியூப் லைட் ஸ்விட்ச் போனால் டைரக்ட், ஃபேன் ரெகுலேட்டர் போனால் டைரக்ட். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர்கள் நிறைந்த பகுதி என்பதால் மெக்கானிக்குகள் மட்டுமல்ல, வீட்டுக்காரர்களுக்கும் அந்த வார்த்தை நன்றாகத் தெரியும். அவர்களே நமக்கு எடுத்துக் கொடுப்பார்கள்.

கள்ளிக்குப்பத்தில் தணிகாசலம் என்பவர் வீட்டிலிருந்து கம்ப்ளெய்ன்ட் வந்தது. கதவு மூடினாலும் மெஷின் ஓடவில்லை. ஐப்பசி மழை. சைக்கிள் சக்கரம் பாதி முங்குகிற தண்ணீரில் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். ஓட்டு வீடு. வாசலைத் தாண்டினால் ஒரு கூடம். கூடத்துச் சுவரோரமாக அந்த மெஷின், அதற்குக் கீழே பலகை, மேலே பிளாஸ்டிக் உறை. அவ்வளவு பவிசாக வைத்திருந்தார்கள். தணிகாசலம் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் தகடு வெட்டுகிற பிரஸ் மெஷினுக்கு ஆப்பரேட்டர். துபாயில் இருக்கும் மச்சான், அதாவது அவர் மனைவி கஸ்தூரியின் தம்பி, ஊருக்கு வந்தபோது வாங்கிக் கொடுத்த மெஷின் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டார்.

வாங்கிக் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. கஸ்தூரிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகியிருந்தது. குனியக் கூடாது, குந்தக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. உள் அறையில் தணிகாசலத்தின் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். அவருக்குப் போடும் விரிப்பை ஒரு நாளில் பல தடவை மாற்ற வேண்டும். வீட்டில் மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை வேறு. நான் மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் அதுவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கதவுக் கைப்பிடியைப் பிடித்து இழுத்துத் திறப்பதும் சாத்துவதுமாக விளையாட ஆரம்பித்தது. பழகிய கை என்று பார்த்தாலே தெரிந்தது.

நான் வழக்கமாகக் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டேன். "மெஷின்ல யாராவது கை வச்சீங்களா?"

தணிகாசலத்துக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் ஏன் கை வைக்கப் போகிறார்கள், தொட்டுத் துடைப்பதோடு சரி என்றார். அது உண்மைதான். அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட விதம்தான் சரியில்லை என்பது பிறகு தெரிந்தது.

இரண்டு மூன்று நாளாக இப்படி இருக்கிறது, முட்டியை வைத்து ஓங்கி அழுத்தினால் சில சமயம் ஓடுகிறது, இன்றைக்கு அதுவும் இல்லை என்று கஸ்தூரி சொன்னார். கதவு கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. மீட்டர் வைத்துப் பார்த்ததில் கதவைச் சாத்தினாலும் பூட்டுக்கு அந்தப் பக்கம் கரண்ட் வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். கொக்கியின் நுனி செம்பழுப்பாக இருந்தது. வாயின் விளிம்பிலும் அதே நிறம். மழைக்காலம், ஈரத்துணி, இரும்புக் கொக்கி. துரு என்று முடிவு செய்தேன். துரு பிடித்துப் பூட்டு உள்ளே இறுகிப்போய்விட்டது, புது லாக் போட வேண்டும். மனசுக்குள் வேலையை முடித்தே விட்டேன்.

தெரு முனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் சென்டருக்கு போன் செய்தேன். எங்கள் சூப்பர்வைசர், அந்த லாக் கையில் இல்லை, ஆர்டர் போட்டால் தீபாவளி கழித்துத்தான் வரும் என்றார். நான் வீட்டு நிலைமையைச் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அப்ப டைரக்ட் குடுத்துட்டு வாப்பா. பார்ட் வந்ததும் மாத்திக்கலாம். இன்னும் நாலு வீடு பாக்கி இருக்கு உனக்கு."

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்றைக்கு எந்த சென்டரில் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். நானே மற்ற இடங்களில் எத்தனையோ டைரக்ட் கொடுத்தவன்தான். ஆனால் பூத்திலிருந்து திரும்பி நடக்கும்போது அந்தக் குழந்தையின் கை கைப்பிடியில் தொங்குவதுதான் கண்ணுக்குள் வந்தது. டைரக்ட் கொடுத்தால் கதவு திறந்திருந்தாலும் மெஷின் சுற்றும். கடைசியில் துணியைப் பிழிவதற்காகச் சுற்றும் வேகம் உங்களுக்குத் தெரியும். உள்ளே கையை விட்டால் ஈரத்துணி கையைச் சுற்றிக்கொண்டு இழுக்கும். பெரியவர்களே தாங்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, பார்ட் இல்லை, தீபாவளி கழித்துத்தான் வரும் என்று சொன்னேன். சூப்பர்வைசர் சொன்ன மற்றதைச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, தணிகாசலத்துக்கே தெரிந்திருந்தது.

"இன்னா தலைவரே, ஒரு ஸ்விட்ச்சு தானே போயிருக்குது? டைரக்ட் குடுத்துட்டுப் போயேன். இதுக்குப் போயி யாராச்சும் தீபாவளி வரிக்கும் குந்திகினு இருப்பாங்களா?"

குழந்தை இருக்கிற வீடு, அது ஆபத்து என்றேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவர்களுக்குத் தெரியும் என்றார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். நான் அவர் வேலையையே எடுத்தேன். பிரஸ் மெஷினுக்கு முன்னால் கம்பித் தடுப்பு இருக்குமே, அதைக் கழற்றிவிட்டு ஓட்டுவீர்களா என்று கேட்டேன். அவர் 'மாட்டோம்' என்பார், நான் மேலே பேசலாம் என்று நினைத்தேன்.

"ஓட்டுவோமே," என்றார். "முன்னாடி இருந்த பட்டறையில அப்டித்தான் ஓட்டுவோம். அத்த மாட்டிகினு வேலை செஞ்சா பீஸ் எண்ணிக்கை வராது. என் பக்கத்து மெஷின்காரனுக்கு ரெண்டு வெரலு கெடையாது. எங்க எல்லாருக்கும் அவன்தான் டீ வாங்கியாருவான், மீதி வெரலால கிளாஸ மாட்டிகினு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் விடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, முந்தின நாள் கஸ்தூரிக்குத் தையல் போட்ட இடத்தில் ஈரம் கசிந்தது என்றும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் டாக்டரம்மா திட்டித் தீர்த்துவிட்டார் என்றும் சொன்னார். மெஷின் சரியாக ஓடாத இந்த மூன்று நாளும் கஸ்தூரி பின்னால் கல்லில் குந்தித் துவைத்திருக்கிறார். மறுபடி குனிந்தால் மறுபடி தையல் போட வேண்டிவரும்.

"உன் பாப்பா கீப்பா பேச்செல்லாம் சரி தலைவரே. இப்ப இவ கதி இன்னா, அத்த சொல்லு."

கஸ்தூரி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது உள் அறையிலிருந்து அந்தப் பெரியவர் குரல் கொடுத்தார். வாய் கோணியிருந்ததால் பேச்சு குழறியது. ஆனால் புரிந்தது.

"எனக்கு பெட்ஷீட்டு வாணாம்டா. சாக்கு போட்டுடு. சாக்கு போதும்."

பிள்ளைகளே, இந்த மாதிரி நேரம் உங்களுக்கும் வரும். கரண்ட் அடிக்கிற ஆபத்தைவிட, மேலதிகாரி திட்டுகிற ஆபத்தைவிட, இதுதான் நம்மைத் தப்பு செய்ய வைக்கும். எதிரில் நிற்கிறவர்கள் நியாயமானவர்களாக இருப்பார்கள். அவர்கள் கஷ்டம் பொய்யில்லை. அதைத் தீர்க்கிற வழி உங்கள் கையில் இருக்கும், ஒரே நிமிஷ வேலையாக இருக்கும், எல்லாரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் கை கட்டிங் பிளேயரை எடுத்தேவிட்டது. உண்மையைச் சொல்கிறேன்.

குழந்தை மறுபடி கைப்பிடியைப் பிடித்து இழுத்தது. கதவு திறந்து என் முட்டியில் இடித்தது.

பிளேயரைக் கீழே வைத்தேன். "முடியாதுண்ணே," என்றேன். "வேற யாரையாவது வச்சு நீங்க குடுத்துக்கலாம். என் கையால குடுக்க மாட்டேன்."

"அப்ப நீ இன்னாத்துக்கு வந்த?" என்றார் தணிகாசலம். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

மழையில் இவ்வளவு தூரம் வந்து, 'பார்ட் இல்லை, முடியாது' என்று சொல்வதற்கு ஒரு மெக்கானிக் தேவையில்லைதான். பதில் தெரியாத நேரத்தில் கை ஏதாவது பழகிய வேலையைச் செய்யும். எனக்கு, கிளம்புவதற்கு முன்னால் மெஷினைத் துடைத்துவிட்டுப் போகிற பழக்கம். கொக்கியில் இருந்த துருவைக் கட்டைவிரலால் தேய்த்தேன். மழையில் நனைந்து கை ஈரமாக இருந்தது. துரு குழைந்து வழவழவென்று விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. துரு அப்படி வராது, மணல் மாதிரி நெருடும். விரலை மூக்கின் பக்கம் கொண்டுபோனேன்.

சந்தனம்.

மறுபடி முகர்ந்து பார்த்தேன். சந்தனம்தான், குங்குமமும் கலந்து. இரண்டும் சேர்ந்து காய்ந்தால் செம்பழுப்பாகத்தானே இருக்கும். என் மூளை அதைத் துரு என்று எழுதிக்கொண்டு மேலே போய்விட்டது.

"அண்ணே, ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வச்சீங்களா?"

இது என்ன கேள்வி என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். "பின்ன வெக்காம? சைக்கிளுக்கு வெச்சோம், தையல் மெஷினுக்கு வெச்சோம், அருவாமணைக்கு வெச்சோம். மச்சான் குடுத்த மெஷினுக்கு வெக்காம உடுவமா?"

எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். மேலே மூன்று பட்டை விபூதி, கண்ணாடியைச் சுற்றிச் சந்தனம், என்று விரலால் காட்டிக்கொண்டே வந்தார். "அப்பால, பூட்டுக்கு ஒண்ணு."

"பூட்டுக்கா?"

"பீரோ பூட்டுக்கு வெக்கிறோம். வாசக்கதவு பூட்டுக்கு வெக்கிறோம். இதுக்கும் பூட்டு கீதுன்னு உங்க கம்பெனி ஆளுதானே மாட்டும்போது சொல்லிட்டுப் போனாரு? அதான் வாயில நல்லா அப்பி வெச்சேன்."

எவ்வளவு அப்பினார் என்பதை மூன்று விரலைக் குவித்துக் காட்டினார். கஸ்தூரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "யோவ், சிரிக்க வெக்காதய்யா, வலிக்குது" என்றார். தணிகாசலம் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் என்னையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பூஜை முடிந்து ஓரிரண்டு நாள் வரை சந்தனம் ஈரமாக இருந்திருக்கும், மெஷின் ஓடியிருக்கும். கதவைச் சாத்தச் சாத்தக் கொக்கி அதை உள்ளே தள்ளிக்கொண்டே போயிருக்கும். காய்ந்ததும் அந்தப் பிளாஸ்டிக் துண்டு முழுசாக நகர முடியாமல் நடுவில் நின்றுவிட்டது. முட்டியால் அழுத்தினால் கொஞ்சம் கூடுதலாக நகர்ந்து ஓடியிருக்கிறது. பூட்டு கெட்டுப்போகவே இல்லை.

நான் முதலில் கேட்ட கேள்வியை இப்போது நினைத்துப் பாருங்கள். 'கை வச்சீங்களா?' நம் பேச்சில் கை வைப்பது என்றால் கழற்றுவது, நோண்டுவது, கெடுப்பது. பொட்டு வைப்பது யார் கணக்கிலாவது கை வைப்பதாகுமா? அது மரியாதை. அவர் 'இல்லை' என்று சொன்னது முழு உண்மை. அன்றிலிருந்து அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். மெஷினைப் பற்றி எதுவும் கேட்காமல், 'கடைசியா நல்லா ஓடினப்புறம் வீட்ல என்னென்ன விசேஷம், யார் வந்தாங்க, எதை எங்க நகர்த்தினீங்க?' என்று கேட்பேன். பெயின்ட் அடித்தோம் என்பார்கள். கொலு வைக்க மெஷினை நகர்த்தினோம் என்பார்கள். பாதிக் கோளாறு அந்தப் பதிலிலேயே வந்துவிடும். குற்றம் சாட்டுகிற மாதிரி கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த மெஷினுக்கு டைரக்ட் கொடுத்திருந்தால் நான் கொக்கியைத் தேய்த்தே இருக்க மாட்டேன். ஓடுகிறது என்று சந்தோஷமாகக் கிளம்பியிருப்பேன். அந்த ஒரு வழியை எனக்கு நானே அடைத்துக்கொண்ட பிறகுதான், வேறு வழியில்லாமல் கண்ணும் மூக்கும் வேலை செய்தன. 'முடியாது' என்று சொன்னது பெரிய தைரியம் என்று நான் நினைக்கவில்லை. சொல்லிவிட்டு உடனே பையைத் தூக்காமல் அங்கேயே இன்னும் கொஞ்ச நேரம் இருந்தேன் பாருங்கள், அதுதான் உதவியது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைச் சுற்றி இருக்கும் ரப்பரை ஒரு பக்கம் விலக்கி, பூட்டைக் கழற்றி எடுத்தேன். கஸ்தூரியிடம் ஒரு பழைய வேட்டித் துண்டும் துடைப்பத்து ஈர்க்குச்சியும் வெந்நீரும் கேட்டேன். ஒயர் சொருகும் பக்கம் ஈரம் படக் கூடாது. அதனால் தண்ணீர் ஊற்றாமல், ஈர்க்குச்சி நுனியில் துணியைச் சுற்றி, வெந்நீரில் தொட்டுப் பிழிந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். தணிகாசலம் எதிரில் உட்கார்ந்து டார்ச் பிடித்தார். பிரஸ் ஆப்பரேட்டர் அல்லவா, எங்கே வெளிச்சம் வேண்டும் என்று சொல்லாமலே தெரிந்தது. அச்சு வெல்லத்திலிருந்து உதிர்கிற மாதிரி சந்தனம் கட்டியாக உதிர்ந்தது. ஒவ்வொரு கட்டி வெளியே வரும்போதும் கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டார்.

"இவ்ளோவா வெச்சேன்?" என்றார் தணிகாசலம்.

"மச்சான் மெஷின்னு பாசம்," என்றேன்.

துடைத்த பூட்டை டேபிள் ஃபேன் முன்னால் வைத்து நன்றாகக் காய விட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் மாட்டினேன். அவசரப்படவில்லை. மற்ற நான்கு வீடுகளும் அன்றைக்கு என்னைத் திட்டியிருக்கும். கதவைச் சாத்தியதும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஸ்விட்ச் போட்டேன், தண்ணீர் உள்ளே இறங்குகிற சத்தம் வந்தது. டிரம் சுற்ற ஆரம்பித்ததும் தணிகாசலத்தைக் கூப்பிட்டு, "இப்போ இழுத்துப் பாருங்க," என்றேன். முதலில் மெதுவாக இழுத்தார். பிறகு காலை ஊன்றிக்கொண்டு பலமாக இழுத்தார். மெஷின்தான் அசைந்தது, கதவு அசையவில்லை. அவர் கையை எடுத்துவிட்டு, குழந்தையின் தலையில் ஒரு தடவை கையை வைத்து எடுத்தார்.

புது லாக்குக்கும் ஆர்டர் போடுகிறேன், வந்ததும் மாற்றிவிடுகிறேன், அதுவரைக்கும் ஏதாவது வித்தியாசமாக இருந்தால் ஓட்டாதீர்கள் என்று சொன்னேன். ஒரு தடவை அடைத்துக்கொண்ட பூட்டை நான் முழுசாக நம்புவதில்லை. நீங்களும் நம்பாதீர்கள்.

பெரியவரின் விரிப்புகள்தான் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தன. முழுசாக ஓடி முடிகிற வரைக்கும் இருந்தே பார்த்துவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். கஸ்தூரி டீ போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். தணிகாசலம் டூட்டிக்குப் போக வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. அவர் போகவில்லை.

கடைசியாக வேகமாகச் சுற்றிப் பிழிந்து மெஷின் நின்றது. விளக்கு அணைந்தது. தணிகாசலம் உடனே எழுந்து போய்க் கைப்பிடியை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். முகம் மாறிவிட்டது. "மறுபடி மாட்டிகிச்சா?"

"இல்லண்ணே. பொறுங்க. உள்ள ஒரு தகடு சூடாயிருக்கும், அது ஆறணும். தானா விடும்."

கேட்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம். அந்தக் கூடத்தில் அது ரொம்ப நேரமாக இருந்தது. தணிகாசலம் கதவின் முன்னால் நின்றார். கஸ்தூரி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். குழந்தை கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தது. உள் அறையிலிருந்து பெரியவர், "ஆச்சா?" என்று கேட்டார். நானும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

'டக்.'

கஸ்தூரி பழக்க தோஷத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தணிகாசலம் திரும்பாமலே, "நீ குந்து," என்றார். கதவைத் திறந்து, தரையில் உட்கார்ந்து, விரிப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவர் ஏன் இந்த மூன்று நாளும் கல்லில் போட்டுத் துவைக்கவில்லை என்று எனக்கு அதுவரைக்கும் தோன்றவே இல்லை. என் வீட்டிலும் அப்போது அப்படித்தான். அவருக்கும் அது தோன்றியிருக்காது.

விரிப்புகளோடு எழுந்து நின்றார். வாசலில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாசல் பக்கம் ஓரடி வைத்தார், திரும்பிக் கொல்லைப் பக்கம் பார்த்தார், பிறகு நடுக்கூடத்திலேயே நின்றுவிட்டார்.

"மழையில இத்தல்லாம் எங்கம்மே காயப் போடுவ?"

கஸ்தூரி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"மொதல்ல நல்லா உதறுய்யா," என்றார். "அப்பால சொல்றேன்."